சுவிஸ் மலையில் பனிநடைக்குப் புறப்படுமுன்: மட்டக்களப்பிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சுவிஸில் அக்காவோ அண்ணனோ சித்தப்பாவோ இல்லாத குடும்பத்தை எங்கள் ஆரையம்பதிப் பக்கத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த உறவினர் வீடுகளுக்குத் தை, மாசி மாதங்களில் போகிறவர்களில் பலர், யன்னலுக்கு வெளியே தெரியும் வெள்ளை மலையில் ஒருநாளாவது நடந்துவிட ஆசைப்படுகிறார்கள். நானும் ஆசைப்பட்டேன். போய் இறங்கிய நாலாம் நாள், அக்காவின் மகனைக் கூட்டிக்கொண்டு, கால் பனியில் புதையாதிருக்கச் சப்பாத்தின் கீழ் கட்டும் அகலத் தட்டான பனிச்சப்பாத்தை வாடகைக்கு எடுத்துக் கட்டி, கம்பம் நட்டிருந்த பாதையை விட்டு விலகி, யாரோ முன்பு நடந்த தடத்தைப் பிடித்துப் போனேன். அரை மணி நேரத்தில், அடுத்த அறையில் நெல் மூட்டையைப் போட்டதுபோல் 'தொம்' என்று ஓர் ஓசை கேட்டது. காலுக்குக் கீழ்ப் பனி இரண்டு விரற்கடை தாழ்ந்தது. சப்பாத்து நுனியிலிருந்து கத்தியால் கீறியதுபோல ஒரு வெடிப்பு பத்தடி தூரம் ஓடிப் போய் நின்றது. நாங்கள் நின்ற இடம் ஏறத்தாழச் சமதரையாக இருந்ததால்தான் எதுவும் நடக்கவில்லை என்பது, பின்னர் பணம் கட்டிப் படித்த வகுப்பில் தெரிந்தது.

அதற்குப் பின் மூன்று கிழமையாகக் கேட்டும் வாசித்தும் தவறியும் சேர்த்துக்கொண்டவற்றை, செய்ய வேண்டிய ஒழுங்கில் இங்கே தருகிறேன்.

1. நாட்களை விசாவிலிருந்து எண்ணுங்கள்

பனிநடைக்கு உகந்த காலம் மார்கழி நடுப்பகுதியிலிருந்து பங்குனி முடிவு வரை. சுவிஸுக்குப் போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்கான விண்ணப்பத்தைப் பயண நாளுக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்து கொடுக்கலாம். கடைசி எல்லை பதினைந்து நாட்கள். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஆனி மாதத்திலிருந்து 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பி வராது. முடிவு பதினைந்து நாளில் வரும் என்று எழுதியிருந்தாலும், அது நாற்பத்தைந்து நாள் வரை நீளலாம்.

நாட்களைத் தின்பது வேறொன்று. உங்கள் செலவுக்கு உறவினர் பொறுப்பேற்பதாக இருந்தால், அவர் 30,000 பிராங் வரையான பொறுப்புறுதிப் பத்திரம் ஒன்றில் கையெழுத்திட வேண்டிவரலாம். அதை அவர் வசிக்கும் மாநிலத்தின் அலுவலகம் சம்பளம், கடன், வீடு எல்லாவற்றையும் பார்த்துத்தான் உறுதிப்படுத்தும். இந்தத் தாள் போய் வருவதற்கு எங்களுக்கு ஐந்து கிழமை பிடித்தது. மாசியில் நடக்க விரும்புகிறவர் ஐப்பசியிலேயே தொடங்கிவிடுவது நல்லது. உறவுமுறையைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து முன்கூட்டியே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் கைரேகை கொடுக்கும் நாளில், மட்டக்களப்பிலிருந்து வரும் இரவுப் புகையிரதத்தை நம்பிக் காலை எட்டரை மணிக்கு நேரம் ஒதுக்க வேண்டாம். முதல்நாளே போய்த் தங்குங்கள்.

2. காப்புறுதிப் பத்திரத்தைக் கடைசிப் பக்கம் வரை வாசியுங்கள்

விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்புறுதி கட்டாயம். பெரும்பாலானோர் இதை விசாவுக்கான ஒரு தாளாக மட்டுமே நினைத்து, மலிவானதை வாங்கிக் கோப்பில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு விற்றவர் "எல்லாமே அடங்கும் ஐயா" என்றார். தாளின் ஆறாம் பக்கத்தில், ஒழுங்குபடுத்திய பாதைக்கு வெளியே நடக்கும் குளிர்கால விளையாட்டு விபத்துகளும் தேடுதல், மீட்புச் செலவுகளும் அடங்கா என்று எறும்பெழுத்தில் இருந்தது. அதை நான் பார்த்தது மலையிலிருந்து திரும்பிய அன்றிரவு.

ஆகவே வாங்குமுன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே விடை வாங்குங்கள். பனிச்சப்பாத்து நடை அடங்குமா? குறியிட்ட பாதைக்கு வெளியே அடங்குமா? மலையிலிருந்து ஹெலிகொப்டரில் இறக்கும் செலவு அடங்குமா? அங்கே ஒரு ஹெலிகொப்டர் மீட்புக்கு ஆயிரக்கணக்கான பிராங் வரும். ரெகா என்னும் வான்மீட்பு அமைப்புக்கு ஆண்டுக்கு 40 பிராங் கொடுத்து ஆதரவாளராகச் சேரலாம். காப்புறுதி கைவிடும் இடத்தில், தன்னுடைய சேவைக்கான செலவை ரெகா தள்ளுபடி செய்ய முடியும். இது காப்புறுதி ஆகாது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவாது. இருந்தும், சுவிஸில் நான் செலவழித்த 40 பிராங்குகளில் இதைப் பற்றி மட்டும் எனக்கு வருத்தமே வந்ததில்லை.

3. எந்தப் பனி, எங்கே, ஏன் சரிகிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்

மலையுச்சியிலிருந்து பெரிய பந்தாக உருண்டு வருவதுதான் பனிச்சரிவு என்று நான் நினைத்திருந்தேன். ஆளைக் கொல்வது பெரும்பாலும் அதுவல்ல. பாளமாகப் பெயர்ந்து வழுக்கும் பனிதான். எருமைத் தயிர்ச் சட்டியைச் சரித்துப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மேலே கட்டியான ஏடு. அதன் கீழே ஊறி நிற்கும் தண்ணீர். கரண்டி ஓரிடத்தில் பட்டதும், ஏடு ஒரே துண்டாக வழுக்கிச் சட்டி விளிம்புக்கு வந்துவிடுகிறது.

மலையில் பனி ஒரே தடவையில் விழுவதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஒரு படையாகப் படிகிறது. தெளிந்த வானமும் கடுங்குளிருமாகப் பல இரவுகள் கழிந்தால், கிடக்கும் மெல்லிய பனி தன் ஒட்டும் தன்மையை இழந்து, கையில் அள்ளினால் சீனிபோல உதிரும் பெரிய மணிகளாக மாறுகிறது. அதன்மேல் அடுத்த பொழிவு காற்றோடு வந்து இறுகிப் படிந்தால், மேலே பாளமும் கீழே சீனியுமாக ஒரு பொறி தயாராகிவிடுகிறது. நடக்கிறவரின் கால், பனி மெலிந்த ஓரிடத்தில் அந்தச் சீனிப் படையை நொறுக்குகிறது. நொறுங்கல் கண்மூடித் திறக்குமுன் பக்கமெல்லாம் பரவுகிறது. பாளம் அவர் நிற்கும் இடத்துக்கும் மேலே அறுந்து, அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்குகிறது. நான் கேட்ட 'தொம்' அந்த நொறுங்கலின் ஓசைதான். உல்லாசத்துக்காக மலையேறிச் சிக்குகிறவர்களில் பத்தில் ஒன்பது பேரளவுக்கு, அந்தப் பனிச்சரிவைக் கிளப்பியவர் அவராகவோ கூட வந்தவராகவோதான் இருக்கிறார். எங்கிருந்தோ வந்து விழும் விதியென்று இதைச் சொல்ல முடியாது.

பாளம் வழுக்குவதற்குச் சாய்வு வேண்டும். முப்பது பாகைக்குக் குறைந்த சரிவில் பாளம் பெயர்வது அரிது. முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்டதே ஆபத்தான சாய்வு. முப்பது பாகை என்பது பெரிய செங்குத்தல்ல. நம் வீட்டு மாடிப்படியின் சாய்வுதான். ஆனால் நீங்கள் நிற்கும் நிலம் தட்டையாக இருந்தாலும், மேலே ஒரு செங்குத்துச் சரிவு இருக்குமானால், உங்கள் காலடியில் தொடங்கிய நொறுங்கல் அங்கே போய்ப் பாளத்தை அறுத்து, உங்கள் தலைமேல் கொண்டுவரக்கூடும்.

காற்றே பனிச்சரிவைக் கட்டும் மேசன் என்று அங்கே ஒரு சொல் வழங்குகிறது. கடற்கரை மணல் வேலிக்கு மறுபக்கம் குவிவதுபோல, காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி, மலைமுகட்டின் மறுபக்கத்தில் பாளமாக அடுக்குகிறது. காற்றும் கடுங்குளிரும் சேர்ந்திருந்தால் 10 முதல் 20 சென்ரிமீற்றர் புதுப்பனியே நிலைமையை மோசமாக்கப் போதும். ஃபோன் என்றொரு காற்றைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். மலையைத் தாண்டி ஈரத்தை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, காய்ந்து சூடாக இறங்கும் காற்று அது. ஆனி ஆடியில் மத்திய மலைநாட்டைத் தாண்டி வந்து நம்மை வாட்டும் கச்சானின் உறவுக்காரன். அது வீசும் நாளில் வானம் கண்ணாடிபோல் தெளிந்து, மலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். அதே நேரம் அது பனியை அள்ளிப் பாளம் கட்டும், ஏற்கனவே உள்ள பனியைச் சூடேற்றித் தளர்த்தவும் செய்யும். அழகான நாள் வேறு, பாதுகாப்பான நாள் வேறு.

4. மாலை ஐந்து மணி அறிக்கையை வாசிக்கப் பழகுங்கள்

டாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலம் முழுவதும் நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கும் காலை எட்டு மணிக்கும் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் வரும். வைட் ரிஸ்க் என்ற செயலியில் இலவசமாகப் பார்க்கலாம். நடைக்கு முதல்நாள் மாலையில் வாசித்து இடத்தை முடிவு செய்து, காலையில் மாற்றம் உண்டா என்று மறுபடி பார்ப்பதே ஒழுங்கு.

அறிக்கையின் முகப்பில் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஓர் எண் இருக்கும்: ஒன்று குறைவு, இரண்டு மிதம், மூன்று கணிசம், நான்கு பெரிது, ஐந்து மிகப் பெரிது. புதியவர் விழும் குழி இங்கேதான் இருக்கிறது. ஐந்துக்கு மூன்று என்றால் நடுத்தரம், சமாளிக்கலாம் என்று நம் மனம் பள்ளிக்கூட மதிப்பெண்போலக் கணக்குப் போடுகிறது. ஆபத்து படிப்படியாக ஏறுவதில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் பல மடங்காகத் தாவுகிறது. நான்கிலும் ஐந்திலும் ஊரே எச்சரிக்கையாக இருப்பதால் வெளியே போகிறவர்கள் குறைவு. பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மூன்று அறிவிக்கப்பட்ட நாட்களில்தான் இறக்கிறார்கள். இரண்டும் பச்சை விளக்கல்ல. கால்வாசிக்கு மேற்பட்ட இறப்புகள் அந்த நாட்களில் நடக்கின்றன.

எண்ணோடு நின்றுவிடாதீர்கள். அதற்கடுத்து, ஆபத்து எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசை பார்த்த சரிவுகளில் என்று ஒரு வட்டப் படம் காட்டும். '2000 மீற்றருக்கு மேல், வடமேற்கிலிருந்து கிழக்கு வரை' என்று இருந்தால், 1500 மீற்றரில் தெற்குப் பார்த்த சரிவில் நடப்பவருக்கு நிலைமை பெரும்பாலும் இலகு. வெயில் படாத வடக்குச் சரிவுகளில் அந்தச் சீனிப் படை கிழமைக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், படத்தின் வடக்குப் பாதி அடிக்கடி கறுத்திருக்கும்.

பிறகு வருவது ஆபத்தின் வகை. புதுப்பனி, காற்றடித்த பாளம், பழைய பனிக்குள் நீடிக்கும் நலிந்த படை, ஈரப்பனி, புல்தரையில் அடியோடு வழுக்கும் பனி என ஐந்து வகைகள் உண்டு. காற்றடித்த பாளத்தைக் கண் பழகியவர் ஓரளவு அடையாளம் காணலாம். ஈரப்பனி வெயில் ஏற ஏறத்தான் தளரும். அதிகாலையில் போய் முற்பகலில் திரும்பினால் தப்பலாம். பழைய பனிக்குள் இருக்கும் நலிந்த படைதான் வஞ்சகமானது. மேலே பார்த்தால் எதுவும் தெரியாது, நாலைந்து பேர் நடந்த பின் ஆறாமவர் காலில் நொறுங்கும். அந்தச் சொல் அறிக்கையில் இருக்கும் நாளில், முன்னால் தடம் இருப்பது பாதுகாப்புக்குச் சாட்சியாகாது. எங்கள் முதல்நாளுக்கான அறிக்கையை நான் பின்பு எடுத்துப் பார்த்தேன். எண் மூன்று, பழைய பனியில் நலிந்த படை, அதன் கீழ், 'தொம் ஓசை கேட்டால் அதை எச்சரிக்கையாகக் கொள்ளவும்' என்று முதல்நாள் மாலையே எழுதியிருந்தார்கள்.

5. வரைபடத்தில் நிறத்தைப் பாருங்கள்

சுவிஸ் அரசின் வரைபடச் செயலியான சுவிஸ்டோப்போவில் சரிவு அளவு என்ற படையைத் திறந்தால், முப்பது பாகைக்கு மேற்பட்ட நிலம் நிறம் பெறும்: மஞ்சள் 30 முதல், செம்மஞ்சள் 35 முதல், சிவப்பு 40 முதல், ஊதா 45க்கு மேல். உங்கள் பாதை வெள்ளையில் போவது மட்டும் போதாது. பாதைக்கு மேலே நிறம் தொங்குகிறதா என்றும் பாருங்கள். அனுபவசாலிகள் அறிக்கை எண் இரண்டில் 40 பாகைக்கும் மூன்றில் 35க்கும் நான்கில் 30க்கும் கீழே நிற்பார்கள். முதல் வருடத்தில் எந்த எண்ணிலும் முப்பதைத் தாண்டாதீர்கள். மூன்றானால், நிறத்தின் அடிவாரத்துக்கும் போகாதீர்கள். நான்கானால் அக்கா வீட்டில் தேநீர் குடியுங்கள்.

இளஞ்சிவப்புப் பலகையும் கம்பமும் நட்ட பனிச்சப்பாத்துப் பாதைகள் நாடெங்கும் உள்ளன. பேர்னுக்குத் தெற்கே கன்ட்ரிஷ் பக்கத்தில் பல உண்டு. மூடப்பட்டது என்ற பலகை தொங்காதவரை புதியவருக்கு அவையே போதும். காட்டு விலங்குகளின் ஓய்வு வலயங்களுக்குள் நுழைந்தால் தண்டம் கட்ட நேரிடும். அவையும் அதே வரைபடத்தில் தெரியும்.

6. சாமானும் செலவும்

பனிச்சப்பாத்தும் கைத்தடியும் நாள் வாடகைக்கு எனக்கு 28 பிராங் ஆயின. குறியிட்ட பாதைக்கு வெளியே போவதானால் ஆளுக்கு ஆள் மூன்று சாமான் வேண்டும்: நடக்கும்போது சமிக்ஞை அனுப்பி, தேடும்போது புதைந்தவரின் சமிக்ஞையைப் பிடிக்கும் 457 கிலோஹேர்ட்ஸ் தேடுகருவி, குறைந்தது 240 சென்ரிமீற்றர் நீளும் துழாவுகோல், உலோகச் சவள். மூன்றும் சேர்த்து 35 பிராங் வாடகை. சனிக்கிழமை காலை கடைக்குப் போனால் மிஞ்சியிருப்பது பிளாஸ்டிக் சவள்தான், வியாழனே சொல்லிவையுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண். ஒருவரிடம் மட்டும் இருப்பதும் வீண். அலைபேசி தேடுகருவியைக் குழப்பும் என்பதால், நடக்கும்போது இரண்டுக்கும் இடையே 20 சென்ரிமீற்றரும் தேடும்போது 50 சென்ரிமீற்றரும் இடைவெளி வேண்டும்.

உடுப்பை உறவினரிடம் இரவல் வாங்குங்கள். பருத்தி பெனியன் மட்டும் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, உடலோடு ஒட்டிக் குளிரவைக்கும்.

7. ஒருநாள் வகுப்புக்குப் போங்கள்

நான் கட்டியது 160 பிராங். நம் காசில் நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. ஆனாலும், புதைத்துவைத்த ஒரு பையைத் தேடுகருவியால் கண்டுபிடிக்க எனக்கு முதல்முறை பதினாலு நிமிடம் பிடித்தது, மாலையில் நாலரை. பனியில் குழி வெட்டிப் படைகளை விரலால் தொட்டுப் பார்க்கவும் அங்கே வைத்தார்கள். முழங்கால் ஆழத்தில் விரல் தானாக உள்ளே போன இடத்தில், அந்தச் சீனி மணிகள் உள்ளங்கையில் கொட்டின. வகுப்புகள் மார்கழியிலேயே நிரம்பிவிடுவதால், விசா கிடைத்தவுடன் இடம் பிடித்துவிடுங்கள்.

8. நடக்கும் நாளில்

புறப்படும் இடத்தில் எல்லோருடைய தேடுகருவியும் வேலை செய்கிறதா என்று ஒருவர் நின்று ஒவ்வொருவராகக் கடக்கவிட்டுப் பாருங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். வழியில் அன்றோ முதல்நாளோ சரிந்த தடம் தெரிந்தாலும், காலடியில் வெடிப்பு ஓடினாலும், அந்த 'தொம்' கேட்டாலும், அறிக்கை என்ன சொன்னாலும் வந்த தடத்திலேயே திரும்புங்கள். நன்றாக நனைந்த பனியில் கால் முழங்கால்வரை புதையத் தொடங்குவதும் திரும்பச் சொல்லும் அடையாளமே. பஸ் காசு கொடுத்து வந்தோமே என்ற எண்ணம் கட்டாயம் வரும்; எனக்கும் வந்தது.

சந்தேகமான சரிவைத் தவிர்க்கவே முடியாவிட்டால், ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். மற்றவர்கள் ஒதுக்கமான இடத்தில் நின்று கண்ணெடுக்காமல் பார்த்திருக்க வேண்டும்.

9. ஒருவர் புதைந்துவிட்டால்

பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணியாகும்போது அது மூன்றில் ஒருவராகக் குறைந்துவிடுகிறது. ஹெலிகொப்டர் அந்தப் பத்து நிமிடத்துக்குள் வருமென்று எண்ண வேண்டாம். ஆகவே, கடைசியாக அவர் தெரிந்த இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டு, எல்லோரும் தேடுகருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, அங்கிருந்து கீழ்நோக்கித் தேடுங்கள். கருவி காட்டும் எண் மிகக் குறைந்த இடத்தில் துழாவுகோலை இறக்குங்கள். தட்டுப்பட்டதும் கோலை எடுக்காமல், அதன் பள்ளப் பக்கத்திலிருந்து உள்நோக்கித் தோண்டுங்கள். முதலில் முகத்தையும் நெஞ்சையும் விடுவியுங்கள்.

ரெகாவின் எண் 1414. வாலிஸ் மாநிலத்தில் 144. வெளிநாட்டு சிம் என்றால் 112 எங்கும் எடுபடும். மலை மடிப்புகளுக்குள் பல இடங்களில் இணைப்பு கிடைக்காது. மூவராகப் போயிருந்து ஒருவர் புதைந்தால், ஒருவர் அழைக்க மற்றவர் தேடலாம். இருவராகப் போயிருந்தால், மிஞ்சியவர் அழைப்பதா தோண்டுவதா என்று தவிக்க வேண்டும். அதனால்தான் இரண்டாம் முறை, பனியென்றாலே போர்வைக்குள் போய்விடும் அத்தானையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனோம்.